கோப்பு நிர்வாகியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார்?

விஞ்ஞான வேலையின் பயன் அளவீடுகளை எடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. எடுத்த அளவீடு வேண்டிய சமயத்தில் கைக்கு எட்டவும் வேண்டும். மழையளவாயினும், மண் பரிசோதனையாயினும், பட்டுப்புழு வளர்ப்புக் குறிப்பாயினும், மாணவரின் மதிப்பெண் பட்டியலாயினும், தேடும்போது கிடைக்காத குறிப்பு எடுக்கப்படாத குறிப்புக்கே சமம். காகிதக் கட்டுகளின் காலத்தில் இவ்வுண்மையை எல்லோரும் உணர்ந்திருந்தனர். அதனாலேயே ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு பதிவறையும், கேட்ட கட்டை எடுத்துக் கொடுக்க ஓர் எழுத்தரும் இருந்தனர். இன்று குறிப்புகள் கணினிக்குள் சென்றுவிட்டன. ஆயினும் அங்கே அவற்றை எடுத்துக் கொடுக்கும் எழுத்தர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே.

கணினியில் அவ்வெழுத்தரின் வேலையைச் செய்வது கோப்பு நிர்வாகி என்னும் மென்பொருளாகும். ஃபைல் மேனேஜர் என்று பொதுவாக வழங்கப்படுவதும் இதுவே. கோப்புகளையும் கோப்புறைகளையும் திரையில் வரிசைப்படுத்திக் காட்டுவதும், நகலெடுப்பதும், இடம் மாற்றுவதும், பெயர் மாற்றுவதும், அழிப்பதும் இதன் தொழில். விண்டோஸ் முறையில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் இவ்வேலையைச் செய்கிறது. லினக்ஸ் முறையில் நாட்டிலஸ், டால்பின், நெமோ, துனார், பிசிமேன்எஃப்எம் எனப் பல உண்டு. இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுள்ளது. கோப்பு நிர்வாகி எழுத்தரே அன்றி அலமாரி அன்று. கோப்புகள் வட்டில் இருக்கின்றன. நிர்வாகியை மாற்றுவதால் ஒரு கோப்பும் இடம் பெயர்வதில்லை. ஒரே கணினியில் இரண்டு நிர்வாகிகளை வைத்துக்கொண்டு இன்று ஒன்றையும் நாளை மற்றொன்றையும் உபயோகிப்பதற்கும் தடையில்லை.

இவ்வளவு எளிதான தேர்வு பெரும்பாலான அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் செய்யப்படுவதேயில்லை. கணினியோடு வந்தது எதுவோ அதுவே நிலைத்துவிடுகிறது. இது சரியன்று. இத்தேர்வைச் செய்ய வேண்டியவர் கணினியை விற்றவர் அல்லர்; கொள்முதல் பிரிவினரும் அல்லர். அக்கோப்புகளோடு நாள்தோறும் உழைக்கும் களப்பணியாளரும் ஆசிரியருமே தம் சொந்தக் கோப்புகளைக் கொண்டு சோதித்துப் பார்த்து இதைத் தீர்மானித்தல் வேண்டும்.

இக்கேள்வி இப்போது எழுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. விண்டோஸ் 10 முறைக்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11 முறையோ குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு முதலிய புதிய உறுப்புகளை எதிர்பார்க்கிறது. ஆதலின் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் அதை முறைப்படி ஏற்ற இயலாது. அவற்றைக் கழித்துவிடாமல் லினக்ஸ் முறைக்கு மாற்ற எண்ணும் பள்ளிகளும் கிளை அலுவலகங்களும் முதல் நாளிலேயே சந்திக்கும் புதிய முகம் கோப்பு நிர்வாகியினுடையதாகும். அது பிடிக்காவிட்டால் மாற்றம் முழுவதுமே பிடிக்காமற்போய்விடும்.

பெங்களூர் தரும் படிப்பினை

இவ்விஷயத்தில் பெங்களூர் நகரின் அனுபவம் கருதத்தக்கது. 1909-இல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகம் முதல் மத்தியப் பட்டு வாரியம் வரை பல மத்திய நிறுவனங்கள் இந்நகரில் இருக்கின்றன. அங்கே 1999-இல் விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தினரும் சேர்ந்து சிம்பியூட்டர் அறநிலையத்தை அமைத்தனர். எளிய மக்களுக்கு ஏற்ற சிறு கணினி ஒன்றை உருவாக்குவது அதன் நோக்கம். 2001-இல் அதன் மாதிரி மக்கள் முன் வைக்கப்பட்டது. லினக்ஸ் முறையில் இயங்கிய அச்சிறு கணினியில் ஸ்மார்ட் கார்டைச் செருகும் வசதி இருந்தது. ஒரு கருவியை ஊரார் பலர் மாறி மாறி உபயோகிக்கலாம். ஒவ்வொருவருடைய விவரமும் அவரவர் அட்டையிலேயே இருக்கும். சிம்பியூட்டர் எதிர்பார்த்த அளவுக்கு விற்பனையாகவில்லை. எனினும் கருவி பொதுவாயினும் தகவல் அதற்கு உரியவருடையது என்ற கருத்து இன்றும் செல்லுபடியாகும்.

அதே 2001-இல் பெங்களூரில் லினக்ஸ் ஆர்வலர்களின் மாநாடும் தொடங்கியது; பின்னர் அது ஃபாஸ் டாட் இன் என்னும் பெயரில் நடைபெற்றது. இவ்வியக்கம் நிபுணர்களோடு நின்றுவிடவில்லை. குரப்பனபாளையம் பகுதியில் சுதர்சன் லேஅவுட் என்னும் குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே அம்பேத்கர் பெயரால் சமூகக் கணினி மையம் ஒன்று அமைந்தது. கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொண்டர்கள் அதில் சிறுவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினி கற்பித்தனர். அத்தகைய இடத்தில் கற்கும் சிறுவனுக்கு முதலில் காணும் நிர்வாகியே இயல்பானதாகத் தோன்றும். ஆகவே, ‘பழக்கமானதே எளிது’ என்று பெரியவர்கள் கூறுவது கருவியின் குணத்தைக் குறிப்பதன்று. முதலில் எதைக் கண்டார்கள் என்பதையே அது குறிக்கிறது.

கருவிகள் மாறும், கோப்புகள் நிலைக்க வேண்டும்

கோப்பு நிர்வாகிகளின் வரலாறு சிறியதேயாயினும் பாடம் நிறைந்தது. ஜான் சோக்கா என்பவர் எழுதிய நார்ட்டன் கமாண்டர் 1986-இல் வெளிவந்தது. திரையை இரு பத்திகளாகப் பிரித்து, இடப்பக்கம் ஓர் உறையும் வலப்பக்கம் மற்றோர் உறையுமாக அது காட்டியது. எங்கிருந்து எங்கே நகல் போகிறது என்பதில் சந்தேகமே எழாது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் கிஸ்லரின் டோட்டல் கமாண்டரும், மெக்ஸிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாஸா தொடங்கிய மிட்நைட் கமாண்டரும் இம்முறையைப் பின்பற்றியவை. களத்திலிருந்து பென் டிரைவில் படங்களைக் கொண்டுவந்து அலுவலகக் கணினியில் சேர்ப்பவருக்கு இந்த இருபத்தி முறையைப் போன்ற சௌகரியம் வேறில்லை.

நாட்டிலஸின் கதை வேறு விதமானது. அதை உருவாக்கிய ஈஸல் நிறுவனம் 2001 மார்ச்சில் முதல் பதிப்பை வெளியிட்டது. இரண்டே மாதங்களில் நிறுவனத்தையே மூடிவிட்டது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தமையால் மற்றவர்கள் அதை எடுத்து வளர்த்தனர். 2012-இல் அதே நாட்டிலஸிலிருந்து இருபத்தி வசதி முதலிய சில நீக்கப்பட்டன. அதை விரும்பாத லினக்ஸ் மின்ட் குழுவினர் பழைய நிரலிலிருந்து கிளை பிரித்து நெமோவை உருவாக்கினர். எப்3 விசையை அழுத்தினால் நெமோவின் சாளரம் இன்றும் இரண்டாகப் பிரிகிறது. டால்பினிலும் அவ்வாறே. எடை குறைந்த துனாரிலும் 2022 டிசம்பர்ப் பதிப்பு முதல் இவ்வசதியும், செய்த தவற்றை மீட்கும் வசதியும் சேர்க்கப்பட்டன. ஆகத் தயாரிப்பாளரின் விருப்பம் மாறக்கூடும், நிறுவனமே மறையக்கூடும். ஆனால் திறந்த மூல நிரல் இருப்பின், உபயோகிப்பவர் கைவிடப்படுவதில்லை. மத்திய அரசாங்கம் 2015-இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் கொள்கையும் இத்தகைய மென்பொருளுக்கே முதலிடம் தரச் சொல்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. சில நிர்வாகிகள் கோப்புகளுக்கு வண்ணம் பூசவும், அடையாளச் சீட்டு ஒட்டவும், குறிப்பு எழுதவும் இடம் தருகின்றன. பார்க்க அழகாயிருக்கும். ஆனால் அவ்வடையாளங்கள் கோப்பின் உள்ளடக்கத்தில் எழுதப்படுவதில்லை. வட்டின் ஒரு மூலையிலோ நிர்வாகியின் சொந்தக் குறிப்பேட்டிலோ இருக்கின்றன. கோப்பைச் சாதாரணப் பென் டிரைவில் நகலெடுத்தால் அவை பெரும்பாலும் உடன் வருவதில்லை. ஆதலின் இடம், தேதி, பொருள் ஆகிய இன்றியமையாத விவரங்களைக் கோப்பின் பெயரிலேயே எழுதுவது நல்லது. எந்த எழுத்தர் வந்தாலும் கட்டின் மேலுள்ள பெயர் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டுமல்லவா?

தமிழ்ப் பெயர் என்னும் உரைகல்

கோப்புக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பது பலருக்குத் தெரியும், ஆயினும் துணிவதில்லை. ஆங்கில எழுத்திலேயே பெயரிட்டு, பின்னர் அச்சுருக்கத்தின் பொருளைத் தாமே மறந்துவிடுகின்றனர். யூனிகோடு முறையில் தட்டச்சு செய்த தமிழ்ப் பெயரை இன்றைய நிர்வாகிகள் அனைத்தும் காட்டுகின்றன. பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் இட்ட பெயர்களோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தோன்றும். ஏனெனில் நிர்வாகி அவ்வெழுத்துருவை அறியாது. அத்தகைய பெயர்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே பரிகாரம். அது நீங்கலாக, நிர்வாகியின் தரத்தைக் காட்டும் மூன்று சோதனைகள் உண்டு.

முதலாவது அகர வரிசை. தமிழ் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்னரே றகரம் வரும். யூனிகோடு எண் வரிசையிலோ றகரம் முந்தியும் வகரம் பிந்தியும் உள்ளன. ஆதலின் எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள் ‘அறுவடை’யை முன்னும் ‘அவரை’யைப் பின்னும் வைக்கும். தமிழ் முறை அறிந்தது ‘அவரை’யையே முதலில் காட்டும். பத்துக் கோப்புகள் உள்ள இடத்தில் இவ்வேறுபாடு பெரிதன்று. ஆயிரம் மாணவர் பெயர்கள் உள்ள கோப்புறையில் அது நேரத்தை விழுங்கும். இது நிர்வாகியை மட்டுமன்றிக் கணினியின் மொழி அமைப்பையும் பொறுத்தது. எனவே அமைப்பைத் தமிழுக்கு மாற்றியும் ஒரு முறை பார்த்தல் தகும்.

இரண்டாவது தேடல். ‘கொய்யா’ என்ற சொல்லின் முதலெழுத்தைக் கணினிக்குள் இரு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் இவ்விரண்டையும் சமமாகக் கருதக் கற்றுக்கொள்ளாத நிர்வாகி, ஒரு முறையில் தட்டச்சு செய்து தேடினால் மற்றொரு முறையில் பெயரிட்ட கோப்பைக் காணவில்லை என்றே கூறும். கோப்பு அங்கேயே இருக்கும். தேடியவர் தொலைந்துவிட்டதென்று எண்ணுவார்.

மூன்றாவது பெயரின் நீளம். லினக்ஸில் வழக்கமாக உபயோகிக்கப்படும் இஎக்ஸ்டி4 என்னும் வட்டு அமைப்பு ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுகளே இடம் தருகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ‘கொய்யா’ என்பது மூன்றே எழுத்துகள். கணினிக்கோ அது ஆறு குறிகள், 18 பைட்டுகள். இக்கணக்கின்படி சற்றேறக்குறைய ஐம்பது எழுத்துகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயரை அங்கே வைக்க இயலாது. விண்டோஸில் இட்ட நீண்ட பெயர் லினக்ஸுக்கு நகலாகாமல் நின்றுபோவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்கும் வேறொரு வரம்புண்டு: உறைகளின் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்த முழு முகவரி பொதுவாக 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். உறைக்குள் உறையாக ஏழெட்டு அடுக்குகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீண்ட தமிழ்ப் பெயர் இடுவோர் இதை விரைவில் எட்டிவிடுவர். நல்ல நிர்வாகி நகலெடுக்கும்போது தடையின் காரணத்தைத் தெளிவாகச் சொல்லி, மற்றக் கோப்புகளைத் தொடர்ந்து நகலெடுக்கும். தரமற்றது பாதியில் நிறுத்திவிட்டு, எது போயிற்று, எது போகவில்லை என்பதைப் பயனாளியே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடும்.

அழிப்பதிலும் கவனம் வேண்டும்

களப்பணியாளரின் கையில் எப்போதும் இருப்பது பென் டிரைவ். அதிலிருந்து ஒரு கோப்பை விண்டோஸில் அழித்தால், அது வழக்கமாகக் குப்பைத் தொட்டிக்குச் செல்லாமல் உடனே நீங்கிவிடும். திரும்ப எடுப்பது அரிது. லினக்ஸ் நிர்வாகிகள் பலவற்றில் நிலைமை வேறு. அழித்த கோப்பு அதே பென் டிரைவில் மறைவான உறை ஒன்றுக்குள் போய்ச் சேரும். தொட்டியைக் காலி செய்யும் வரை இடம் மீளாது. எல்லாவற்றையும் அழித்த பின்னும் ‘இடமில்லை’ என்று பென் டிரைவ் கூறுவதன் மர்மம் இதுதான். இரண்டில் எது மேல் என்று வாதிடுவதில் பயனில்லை. தம் நிர்வாகி எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிந்திருப்பதே முக்கியம்.

பெயரில் இடும் குறிகளுக்கும் இது பொருந்தும். லினக்ஸில் ‘காலை 10:30’ என்று பெயரிட்ட கோப்பை விண்டோஸ் ஏற்பதில்லை. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி முதலியன அங்கே விலக்கப்பட்டவை. சாய்கோட்டை இரண்டுமே ஏற்பதில்லை. எனவே தேதியை 2025-06-14 என்று ஆண்டு முதலாக, இடைக்கோடிட்டு எழுதுதல் எங்கும் செல்லும். கால வரிசையும் தானாகவே அமையும்.

அரை மணி நேரச் சோதனை

எந்த நிர்வாகி சிறந்தது என்று பிறரைக் கேட்பதை விட, உள்ள கோப்புகளின் நகல்களைக் கொண்டு சோதனை உறை ஒன்றை ஏற்படுத்துவது நலம். அதில் ‘அவரை’, ‘அறுவடை’ என்று இரு கோப்புகள்; 1, 2, 10 என்ற எண்களில் தொடங்கும் மூன்று கோப்புகள்; நீண்ட தமிழ்ப் பெயருள்ள ஒன்று; களத்தில் எடுத்த ஐம்பது படங்கள் ஆகியவற்றை வைக்கலாம். 10 என்பது 2-க்கு முன் வருகிறதா? ஐம்பது படங்களுக்கும் ஊரின் பெயரையும் தேதியையும் ஒரே முறையில் இட முடிகிறதா? இட்ட பெயர் தவறாயின் ஒரே கட்டளையில் மீட்க முடிகிறதா? நகலெடுக்கும்போது பென் டிரைவைப் பிடுங்கினால் என்ன சொல்கிறது? அலுவலகத்தின் மிகப் பழைய கணினியில் திறக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது? இவ்வளவையும் பார்க்க அரை மணி போதும். பழைய கணினியில் துனாரோ பிசிமேன்எஃப்எம்மோ போதுமானதாகத் தோன்றலாம். பெயர் மாற்றும் வேலை மிகுந்தவருக்கு டோட்டல் கமாண்டர் ஏற்றதாகலாம். பின்னது விலைக்குரியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சோதனையின் முடிவில் பழைய நிர்வாகியே மேல் என்று தெரியவந்தால் அதுவும் நல்ல முடிவே. அது ஆராய்ந்து அடைந்த முடிவாகும்.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கருவியை வைத்துக்கொண்டால், மாற்றலாகி வருபவர் திண்டாடுவார். பழுது பார்ப்பவருக்கும் கஷ்டம். இணையத்தில் கண்ட இடத்திலிருந்து இறக்கிய மென்பொருளோடு வைரஸும் நுழையும் என்பர். இவை உண்மையான ஆபத்துகளே. ஆனால் இவற்றுக்குப் பரிகாரம் தேர்வைத் தடை செய்வதன்று, அதை ஒழுங்குபடுத்துவதாகும். கணினியோடு வந்த நிர்வாகி எப்போதும் இருக்கட்டும். அதனோடு, பணியாளர் சோதித்துச் சிபாரிசு செய்த ஒன்றை, அதிகபட்சமாக இரண்டை, அலுவலகமே தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தோ லினக்ஸ் தொகுப்பின் களஞ்சியத்திலிருந்தோ எடுத்து எல்லாக் கணினிகளிலும் ஒருங்கே நிறுவலாம். சோதனையின் விவரத்தை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் புதிதாக வருபவருக்கும் பயன்படும். ஒற்றுமை வேண்டுவது கருவியில் அன்று; பெயரிடும் முறையில்தான். பெயரிடும் முறை ஒன்றாக இருந்தால் கருவிகள் இரண்டாயிருப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. முறையே இல்லாத இடத்திலோ எல்லோரும் ஒரே கருவியை வைத்திருந்தும் ஒரு கோப்பும் கிடைப்பதில்லை.

பள்ளிகளில் இதற்கு மேலும் ஒரு நன்மை உண்டு. மேற்சொன்ன சோதனையை மாணவர்களைக் கொண்டே நடத்தலாம். அகர வரிசை ஏன் பிறழ்கிறது என்று ஆராயும் மாணவன் நெடுங்கணக்கையும் கற்கிறான். கணினி எழுத்துகளை எண்களாக வைத்திருப்பதையும் கற்கிறான். பெட்டிக்குள் இருப்பது மாயமன்று, மனிதர் எழுதிய விதிகளே. அவ்விதிகளைச் சோதிக்கலாம், வேறு விதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் அவன் உள்ளத்தில் வேரூன்றும். விஞ்ஞானக் கல்வியின் நோக்கமும் இதுவேயாகும்.

களத்தில் வெயிலிலும் மழையிலும் நின்று எடுத்த குறிப்புகளுக்கு மாற்று இல்லை. சென்ற பருவத்தின் மழையை மறுபடி அளக்க எவராலும் இயலாது. அக்குறிப்புகளை வைத்திருந்து எடுத்துக் கொடுக்கும் கருவியை, தற்செயலாக வந்ததென்று விட்டுவிடாமல், ஆராய்ந்து அமர்த்துதல் அவற்றை எடுத்தவரின் உரிமையாகும். அதுவே அவர் கடமையுமாகும்.